இறக்கையைத் தொட்ட கை

மொன்றியல், கனடா
21.01.1991

அன்புள்ள ஐயாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி?

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், இடக்கையால் எழுதுகிறேன். நான் விமானங்களைக் கழுவித் துடைக்கிறேன் அல்லவா? இந்தக் குளிரில் இறக்கையில் பனிக்கட்டி பிடித்தால் விமானம் எழும்பாது. அதனால் என்ஜினின் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் விடுவார்கள். செவ்வாய்க்கிழமை நான் போகச் சற்று முன்தான் அதைச் சோதித்து நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. கடலுக்குப் போகுமுன் வள்ளத்தின் முன் அணியத்தைத் தொட்டுச் சிலுவை போடுவோமே, அந்தப் பழக்கத்தில் கையுறையைக் கழற்றித் தொட்டுவிட்டேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

கூட வேலை செய்யும் வல்வெட்டித்துறை இராசலிங்கம் அண்ணை, "உதென்ன, வள்ளமெண்டு நினைச்சிட்டியோ?" என்று சிரித்தார். மருந்து கட்டியாயிற்று.

யாராவது இங்கே வந்தால் அம்மா இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். கடலில் இறங்கத் தடை என்று எழுதியிருந்தீர்கள். வள்ளம் மணலில் கிடந்தாலும் காலையில் போய் அணியத்தை ஒருக்கால் தொட்டுவிடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒன்றை மட்டும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். சுட்டவுடனே நான் கையை எடுத்திருக்கலாம். வந்த மூன்று மாதத்தில் என் கையில் பட்ட முதல் சூடு அதுதான்.

உங்கள் மகன்
கிறகோரி