ஒற்றைப் புளியங்கொட்டை

சிங்கவரம்,
12.11.2025

அன்புள்ள பீமாராவ் அண்ணனுக்கு,

இளையபெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. புனேயில் மகள் நிலாவும் பேரப்பிள்ளைகளும் நலமா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உங்கள் மூச்சிரைப்பை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

இங்கே நல்ல மழை. மல்லாட்டையை நேரத்தோடு பிடுங்கிவிட்டோம், கடலை நல்ல திரட்சி. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் இன்றைக்கும் உங்களுக்கும் சேர்த்து இரண்டு டீ போட்டுவிடுகிறார். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தும் இரண்டையும் நானே குடித்துவிட்டு வருகிறேன்.

நம் சகோதரர் சங்கத்துக்கு அடுத்த ஆண்டு தொண்ணூறு. விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்து திரும்பிய பதினோரு பேர் தொடங்கியது என்று எழுதினேன். எந்தத் தெருக்காரன் என்று கேட்காமல் சுரங்கத்துக்குள் ஒருவரையொருவர் தூக்கிவந்த பழக்கம் ஊரில் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தார்களாம். வயது பாராமல் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணன். சகோதரன் இறந்தால் சகோதரர்களே பாடை தூக்க வேண்டும். எந்த முடிவுக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். பானைக்குள் மல்லாட்டை போட்டால் சரி, ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் இல்லை. போட்டது யார் என்று கேட்கவும் கூடாது, சொல்லிக்கொடுக்கவும் கூடாது. இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது அண்ணா.

உங்கள் வீட்டு மகாலட்சுமி அண்ணி இருபது வருடம் நம் கூட்டத்துக்குச் சோறாக்கிப் போட்டவர். அவர் இறந்தபோது, பெண் என்பதால் சங்கம் தூக்கவில்லை. இனிப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். பானையைக் கவிழ்த்தபோது ஒரு புளியங்கொட்டை கிடந்தது. தனகோட்டி அண்ணன்தான் போட்டார் என்று அவர் சட்டையைப் பிடித்தீர்கள். மறுநாள் ஊரை விட்டே போய்விட்டீர்கள். மூன்று வருடமாகிறது.

அதைப் போட்டவன் நான்.

காரணம் வெட்கக்கேடு. என் மனைவி சின்னப்பொண்ணு கூட்டத்தில் எதிரே உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்பாளே என்று பயந்தேன். வேறு கொள்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

போன வாரம் தனகோட்டி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்ண்ணா. பக்கத்துல தான குந்தினு இருந்தேன்" என்றார். பிறகு ஏன் பழியைச் சுமந்தீர்கள் என்றேன். "நீயா சொல்லுவன்னு பாத்தேன், இத்தினி நாளாயிடுச்சி" என்றார். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. வீட்டிலும் சொன்னேன். சின்னப்பொண்ணு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "மொதல்ல அந்த மனுசனுக்கு எழுது" என்றாள்.

டிசம்பர் நான்காம் தேதி பௌர்ணமிக் கூட்டம். உங்கள் கோரிக்கையை நானே மறுபடி வைக்கிறேன். நீங்களும் இருந்தால்தான் அது செல்லும். இப்படிச் சொல்வது பாதி சாக்குதான். உங்களைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை. கூட்டத்துக்கு வரப் பிடிக்காவிட்டாலும் ஊருக்கு வாருங்கள். தனகோட்டி அண்ணன் வீட்டில் தங்குங்கள். என்னோடு பேச வேண்டாம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உங்கள் உடல்நலத்தை வேண்டும்,
இளையபெருமாள்