உறைய வேண்டிய துண்டு

என் கணவரும் ஆய்வகத்தில் என் தலைவருமான உங்களுக்கு,

போன வாரக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால், "இவ சொல்ற இடைவெளியக் காணோமே, கண்ணுல பூச்சி பறக்குதா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். 

கூட்டத்தில் நீங்கள் காட்டிய அந்த எலி மூளைத் துண்டை நொடியில் உறைய வைக்கத்தான் தனியாக வைத்திருந்தேன். உறைந்தால் மூளைச் செல்களுக்கு நடுவே உள்ள சந்துகள் அப்படியே நிற்கும். நீங்களோ உதவி என்று நினைத்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பதப்படுத்தும் மருந்தில் போட்டீர்கள். அதில் செல்கள் உப்பி ஒட்டிக்கொள்ளும் என்று தெரியாதா? சந்தை நீங்களே அடைத்துவிட்டு, சந்தே இல்லை என்பதற்கு மைக்ரோஸ்கோப்பைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்!

வீட்டுக்கு வந்து கேட்டால், "உனக்காகத்தானே செஞ்சேன், இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே" என்கிறீர்கள். என் பாட்டு வகுப்பு நின்றதும், சிநேகிதிகள் வராமல் போனதும்கூட எனக்காகத்தான்.

வேறொரு துண்டை நானே உறைய வைத்தேன். சந்துகள் பளிச்சென்று தெரிகின்றன. இன்று காலை படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஆய்வக ஃப்ரீசர் சாவி என்னிடமே இருக்கும். வீட்டுச் சாவியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண் நன்றாகவே தெரிகிறவள்