துப்பாக்கி கழற்றிய கப்பல்

இன்று காலை நம் வயலுக்கு மேற்கே கரும்பின் காய்ந்த சோகையைக் கொளுத்தினார்கள். புகைக்கு முன்பே வாசனை வந்துவிட்டது. நான் போய் உன் அறை ஜன்னலைச் சாத்துவதற்குள் கரித்துகள்கள் உள்ளே வந்து கணினி மேசையிலும் ஜாய்ஸ்டிக்கின் மேலும் உட்கார்ந்துவிட்டன. ஈரத்துணியால் துடைத்தேன். அதன் அடிப்பாகத்து விரிசலுக்குள் இறங்கிய கரி மட்டும் போகவில்லை. அந்த விரிசல் நீ சுவரில் எறிந்ததால் வந்தது. ஏன் எறிந்தாய் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், தம்பி.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ இதைப் படிக்கப்போவதில்லை. ஆனால் உன்னைப் பற்றி நம் ஊர் உறுவையாற்றில் ஒரு கதை ஓடுகிறது, கோர்ட்டில் வேறொரு கதை ஓடுகிறது. இரண்டிலும் அந்தக் கப்பல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அடித்தது நீ. இதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. பெரியப்பா மகன் வரப்பை அரை அடி நம் பக்கம் தள்ளி வெட்டிவிட்டார் என்று மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவர் முகத்தில் அடித்தாய். முன்பற்கள் மூன்று சேற்றில் விழுந்தன. நான் படிக்கிற காலத்தில் என்னைச் சைக்கிளில் வைத்து வில்லியனூர் பஸ் நிறுத்தம் வரை மிதித்துக் கொண்டுபோய் விட்டவர் அவர். வாயைப் பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் வழிய, வரப்பில் உட்கார்ந்து பல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, நீ குனிந்து கரும்புக் கட்டு கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்தார். வலது குதிகாலுக்கு மேல் ஒரே வெட்டு. அறுந்த நரம்பு சுருண்டு மேலே ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் துண்டைச் சுற்றி உன் காலை இறுக்கிப் பிடித்திருந்தவள் நான். உன் ரத்தம் எவ்வளவு சூடு என்பது எனக்குத் தெரியும். நீ அழவில்லை. "அவன சும்மா வுட மாட்டன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

ஊரில் கூடிப் பேசி, இரண்டு பக்கமும் புகாரைத் திரும்பப் பெற வைத்தார்கள். நீ தலையாட்டினாய். வீட்டுக்கு வந்ததும் நம் கரும்புக் கத்திகளில் குட்டையானதை உன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். ஞாயிறுதோறும் அதைத் தீட்டும் சத்தம் சமையலறை வரை கேட்கும். அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள். நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்த பிறகு, அதை மடியில் செருகாமல் நீ தெருவில் இறங்கியதே இல்லை. டீக்கடையில் நீ லுங்கியைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாலே பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து தள்ளி உட்காருவார்கள். அது உனக்குப் பிடித்திருந்தது.

கணினி என்னுடையது. கல்லூரி ஆய்வுக்கூட வேலைக்காக வாங்கியது. படுத்துக் கிடந்த நாட்களில் அதில் நீ ஒரு விண்வெளி விளையாட்டை ஏற்றினாய். முதல் ஆறு மாதம் நீ அதில் செய்தது ஒன்றே ஒன்று, கொலை. எதிரே வருகிற கப்பலைத் துரத்திப் போய்ச் சுட்டு, அது இரண்டாகப் பிளந்து எரிகிறவரை கூடவே போவாய். உன் வயதுப் பிள்ளைகள் சிநேகிதனைத்தான் 'பங்காளி' என்று கூப்பிடுவார்கள். நீ சுடப்போகிற கப்பலைக் கூப்பிட்டாய். "வாடா பங்காளி." கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நீ யாரைச் சுட்டுக்கொண்டிருந்தாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டாய். சுட்டுச் சுட்டு அலுத்துப் போயிருந்தது உன் குரல். "எவனுமே போவாத எடம் ஒண்ணு இருக்குதுக்கா. அந்தக் கோடியில. போயிப் பாக்கணும்." அவையெல்லாம் இயந்திரம் போட்ட எண்கள், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்றேன். "இல்லாட்டிப் போவுது. ஆளுங்களும் இல்லதான?" என்றாய்.

அன்றிலிருந்து மூன்று வாரம் நாம் கப்பல் தேர்ந்தெடுத்தோம். நம் இருவருக்கும் இடையில் அவ்வளவு பேச்சு அதற்கு முன்பு இருந்ததில்லை. மூன்று கப்பல்களுக்கும் நீயே பெயர் வைத்தாய். டிராக்டர், குட்டியானை, தட்டான். டிராக்டருக்குத் தடித்த கவசம், ஆறு துப்பாக்கி. ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததற்குப் பாயும் ஒரு தாவலில், மற்றவை போகும் தூரத்தில் பாதிகூடப் போகாது. குட்டியானையில் எல்லாவற்றையும் ஏற்றலாம், ஆனால் நட்சத்திரத்துக்கு அருகே போனால் சூடேறித் தவிக்கும். தட்டான் ஒல்லி. அடி வாங்கினால் தாங்காது, தாவினால் நெடுந்தூரம். நீ டிராக்டருக்காக வாதாடினாய். நான் காகிதத்தை எடுத்தேன். எடை கூடக் கூடத் தாவல் குறைகிறது, இதில் உன் கோபத்துக்கோ என் படிப்புக்கோ இடமில்லை. பால்வீதியின் விளிம்பில் நட்சத்திரங்கள் அருகிப் போகின்றன. அறுபத்திரண்டு ஒளியாண்டு அகலத்துக்கு ஒன்றுமில்லாத ஓர் இடைவெளி உண்டு. அதை ஒரே தாவலில் கடக்க முடியாத கப்பலை எடுப்பது வீண்.

தட்டான் என்று முடிவானது. நட்சத்திரத்தை உரசிப் போய் எரிபொருள் அள்ளும் கருவி, இருப்பதில் பெரியது. வழியில் உடைந்தால் ஒட்டவைக்கும் கருவி ஒன்று. சரக்கு அறை வேண்டாம், கூடுதல் கவசம் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றினாய். ஒரு துப்பாக்கி மிச்சம். அதோடு தாவல் தூரம் அறுபது ஒளியாண்டு வந்தது. அது இல்லாமல் அறுபத்துமூன்று.

"அத்தக் கழட்ட மாட்டன்."

அந்தப் பக்கம் யாருமே இல்லை, யாரைச் சுடப்போகிறாய் என்று கேட்டேன்.

"தூரத்துல எவனும் இல்லக்கா. திரும்பி வரும்போது வூட்டாண்ட வந்து நிப்பான். அங்கதான் போடுவானுங்க."

உன் பயம் பொய்யல்ல. அந்த விளையாட்டில் தொலைவில் கண்டதெல்லாம் ஊர் திரும்பிப் பதிவு செய்கிறவரை கப்பலிலேயே இருக்கும். களைத்துத் திரும்புகிறவனை வாசலில் சுட்டால் மாதக்கணக்கான பயணம் புகையாகிவிடும். அதற்கென்றே காத்திருக்கிறவர்கள் உண்டு. நான் அதற்கும் கணக்கு வைத்திருந்தேன். கடைசிப் பத்துத் தாவலில் வரக்கூடிய ஆபத்துக்காக இரண்டாயிரம் தாவலுக்கு அந்த இரும்பைச் சுமக்கிறாய். சுமந்தால் போகவே முடியாது. அம்மா காபி கொண்டுவந்தவள், கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "பொம்ம வண்டிக்கு இன்னாத்துக்குடா துப்பாக்கி? அதுலயுமா உம்புத்தி?" என்றாள். நீ ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாய். என் காதை ஒட்டிப் போனது. காபி தரையெல்லாம் கொட்டியது. அம்மா துடைத்தாள். நான் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது திரையில் தாவல் தூரம் அறுபத்துமூன்று என்று இருந்தது.  

நான்கு மாதம் போனாய். அந்த மாதங்களில் கத்தி தீட்டும் சத்தம் குறைந்ததைக் கவனித்தேன். கத்தி மடியை விட்டு இறங்கவில்லை, தீட்டுவது மட்டும் குறைந்தது. விளிம்பை அடைந்த ஞாயிறன்று நம்மோடு அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் எல்லா நட்சத்திரமும், மறுபக்கம் ஒன்றுமே இல்லாத கறுப்பு. எண்கள்தான். ஆனாலும் மூவரும் எழுந்து போகவில்லை. "அவன் பல்லு இன்னும் அந்தச் சேத்துலதான் கெடக்கும் இல்லக்கா?" என்று கேட்டாய். 

திரும்பி வந்தபோது நீ பயந்தபடியே நடந்தது. ஊர் எல்லைக்கு மூன்று தாவல் இருக்கையில் ஒரு பெரிய கப்பல் குறுக்கே வந்து நின்றது. துப்பாக்கிகள் வெளியே நீண்டிருந்தன.  அந்த விளையாட்டில் எதிரே நிற்கும் கப்பலில் ஆயுதம் உண்டா இல்லையா என்பதை ஒளி பாய்ச்சிச் சில நொடிகளில் பார்த்துவிடலாம். அவன் பார்த்தான். உன்னிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. துப்பாக்கிகளை உள்ளிழுத்துக்கொண்டு, ஊர் வரைக்கும் உன் பக்கத்திலேயே வந்துவிட்டுத் திரும்பிப் போனான். "பாத்தியாக்கா, பங்காளி வுட்டுட்டான்" என்றாய். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய். நானும் சிரித்தேன். என் கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அடுத்த வாரம், பெரியப்பா மகனைப் பார்த்துப் பேசப் போகிறேன் என்றாய். வரப்பை அளந்து கல் நட்டுவிடலாம், பல்லுக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். அம்மா வெற்றிலை பாக்கை மடித்துக் கொடுத்தாள், கையில் கொடுத்துப் பேசினால் தட்டமாட்டார்கள் என்று. அதை மடியில் செருகிக்கொண்டாய். பிறகு வழக்கம்போலக் கத்தியையும் எடுத்தாய். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"அத வெச்சிட்டுப் போ."

"வழியில நின்னான்னா?"

"பேசத்தான போற. அது வீண் எடைடா."

நீ என்னைப் பார்த்தாய். அறைக்குப் போய், கத்தியை மேசையில் வைத்துவிட்டு வந்தாய். "சரிதான் விஞ்ஞானி" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாய். காலை ஒன்பதரை மணி இருக்கும்.

அவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். கையில் கத்தி இருந்தது. வேலையாட்கள் சொன்னதைத்தான் நான் எழுத முடியும். நீ வரப்பிலிருந்தே கூப்பிட்டாய். அவர் நிமிர்ந்தார். நீ நெருங்கிப் போய், மடியில் கையை விட்டாய்.

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த மடியில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அன்று காலை அதில் இருந்தது வெற்றிலை பாக்கு மட்டும் என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். உன் மேல் ஒளி பாய்ச்சிப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை.

முதல் வெட்டு தோளில். அடுத்தவற்றை நீ கைகளால் தடுத்திருக்கிறாய். நான் போய்ச் சேர்ந்தபோது உன் உள்ளங்கைகள் இரண்டும் எலும்பு தெரியப் பிளந்திருந்தன. கழுத்தில் விழுந்தது கடைசி. வெற்றிலை ரத்தத்தில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அவர் பத்தடி தள்ளிக் கத்தியோடு உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் கத்தி என் கையில் இருந்திருந்தால் வெட்டியிருப்பேன். எத்தனை முறை என்று தெரியாது.

நீ கத்தியோடு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அம்மா கேட்பதே இல்லை. நான் கேட்டுக்கொள்கிறேன். நீ பிழைத்து, அவர் செத்து, நீ சிறைக்குப் போயிருக்கலாம். இருவரும் செத்திருக்கலாம். எதற்கும் நிரூபணம் கிடையாது. நீ சமாதானமாகத்தான் போனாய் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை. நீ சமாதானமாகப் போனது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது நீ திரும்பி வருவது.

போன மாதம் சாட்சி சொல்லப் போனேன். நீ கத்தியோடு வந்தாய், மடியிலிருந்து அதை உருவப் போனாய், உயிருக்குப் பயந்து வெட்டினார் என்பது அவர்கள் தரப்பு வாதம். வேலையாட்கள் நீ மடியில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறார்கள், அதை மறைக்கவும் முடியாது. கத்தியை நானோ அம்மாவோ எங்கோ ஒளித்துவிட்டோம் என்றுகூடச் சொன்னார்கள். வீட்டு விஷயம் எதையும் நானாக இழுத்துவிட வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று நம் தரப்பு வக்கீல் முதல்நாளே சொல்லியிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க அந்த எடத்துல இல்லம்மா. உங்க தம்பிகிட்ட கத்தி இல்லன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"நான்தான் வெச்சிட்டுப் போகச் சொன்னேன்."

எதிர்க் கூண்டில் நின்றிருந்த பெரியப்பா மகன் அன்று முழுவதும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, முன்னால் பல் இல்லை. தட்டச்சு செய்தவர் வரியை முடித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருந்தது. அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.