முன் சீட்

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஃபோன் செய்தால் "கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

டி.வி.யில் புதிதாக ஒரு நிகழ்ச்சி வரப்போகிறது. சின்ன வயதில் குடும்பத்தோடு காரில் வெகுதூரம் போன கதைகளைச் சொல்ல, எல்லா விதமான குடும்பங்களையும் தேடுகிறார்கள். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பெண் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நம் கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா இரவல் வாங்கி வந்த பச்சைக் கார். கிழிந்த சீட்டை மறைக்க அம்மா விரித்த போர்வை. வழியெல்லாம் நீ ஐஸ் கேட்டாய், கேட்டபோதெல்லாம் கிடைத்தது. எனக்கு ஒன்றோடு சரி. போதாததற்கு நீ முன் சீட்டில் ராஜா மாதிரி. ஆளில்லாத ரோட்டில் அப்பா உன்னை மடியில் தூக்கி வைத்து ஸ்டியரிங்கையே பிடிக்கவிட்டார். எனக்கு என்றால், "நீ பெரிய பொண்ணு, உனக்கு இன்னொரு நாள்" என்றார். எட்டு வயதில் நான் பெரிய பெண்ணாம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஸ்டூடியோவில் அதே மாதிரி ஒரு காரை நிறுத்தி, நம் இருவரையும் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்களாம். அம்மாவுக்கு உடம்பு முன்போல் இல்லை. "என் புள்ளைங்க ரெண்டும் ஒரே வண்டியில உக்காந்து பார்த்துடணும்" என்று நச்சரிக்கிறாள். மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சித்தியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. வண்டி பெரியப்பாவின் ஹார்டுவேர் கடை வாசலில் நின்றதும், "லீவு முடியறவரைக்கும் பெரியம்மாகிட்ட இரு, வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். லீவு முடிந்ததும் இங்கேயே ஸ்கூலில் சேர்த்தார்கள். பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடப் பழக்கினார்கள். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடவும் பழக்கினார்கள். உங்களைக் கூப்பிடுவதில்தான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு கணக்கிலும் நீங்கள் அக்காதான்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, உங்கள் வீட்டில் இரண்டு இருந்தது. பிறகு புரிந்தது. அந்த ஐஸ் எதற்கு என்பதும் புரிந்தது. என்னைக் கொண்டுவிடப் போன வண்டியின் ஸ்டியரிங்கை என் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். இன்றுவரை நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. கடைக்கு லோடு வந்தால் பையன்கள்தான் எடுக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். எனக்கு அந்த ரோட்டில் போனது மட்டும்தான் தெரியும். திரும்பி வந்தது எப்படி இருந்தது? நான் உட்கார்ந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

தம்பி

ஜூன் 22

தம்பி,

என்னைப் போய் "நீங்கள்" என்கிறாய். கூடப் பிறந்தவளிடம் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

படித்துவிட்டு மிஷினை நிறுத்தியவள் இன்னும் தைக்க உட்காரவில்லை. டி.வி.க்காரப் பெண்ணிடம் போன வழியைத்தான் சொன்னேன். வந்த வழியை நானே நினைத்துப் பார்த்ததில்லை, நீ கேட்கும்வரை.

அம்மா பின் சீட்டில் என் பக்கத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். "நான் முன்னாடி வரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், அங்கயே இரு" என்றார் அப்பா. அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. ஆனால் பிரேக் போட்டபோதெல்லாம் அவர் கை அந்தப் பக்கம் நீண்டது. போகும்போது நீ முன்னால் விழாமல் நெஞ்சில் கை கொடுத்துப் பிடித்தாரே, அதே மாதிரி. சீட் காலி. வீடு வரும்வரை அந்தக் கை போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வண்டி கேட்டதில்லை. சாகும்வரை உன் பேச்சை எடுத்ததுமில்லை, எடுக்க முடியவில்லை.

உன்னை மறந்துவிட்டு வந்தார் என்று நினைக்காதே. அவர் மனசு கேட்கவில்லை. அதற்காகவாவது வா. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா

ஜூலை 3

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அழுதேன், மறைப்பானேன்.

அன்றைக்குக் கடையில் விளக்குப் போடும்வரை வாசலில் நின்றேன். பச்சையாக எது வந்தாலும் நம் வண்டிதான் என்று நினைத்தேன். பெரியப்பா தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நல்ல மனிதர், ஒரு குறையும் வைக்கவில்லை.

சித்தப்பா வழியெல்லாம் கையை நீட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அந்த ஒரு கையால் வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

நான் வரவில்லை. முன் சீட்டைக் காலியாகவே வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அதுதான் நடந்தது. சித்தி கேட்டால் கடையில் கூட்டம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரியம்மா மகன்