சோதனைக்கு ஒரு பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கமென் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பர்காஸிலிருந்து ஊருக்கு வருபவர்கள் நான் செத்துவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் அச்சகத்தில் மரண அறிவிப்புகளை அச்சடித்து, இறந்தவரின் கட்டிட வாசலில் ஒட்டுவதுதான் வேலை. எக்செல் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் மேக்ரோ என்ற குட்டி நிரல் தனி டெக்ஸ்ட் ஃபைலாக்கி அச்சுக்கு அனுப்பும். போன வாரம் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக வந்தன. நான் அதைச் சரிசெய்ததும் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. உயிரோடிருக்கும் வேறு யாரையும் எழுத மனம் வரவில்லை. என் பெயரையும் வயதையும் முகவரியையும் போட்டேன். எழுத்துகள் அழகாக வந்தன. வரியை அழிக்கத்தான் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அது எங்கள் கட்டிட வாசலில் ஒட்டியிருந்தது. கிழிக்கப் போனால், கீழ்வீட்டு ஸ்தேவ்கா அதன் அடியில் இரண்டு பூ வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகத் தினமும் நான் வணக்கம் சொல்லும் அம்மாள்.

“பாவம், முப்பத்தொரு வயசுதான். இங்கயே இருந்திருக்கான், நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்ல. உனக்குத் தெரியுமாப்பா?”

“கொஞ்சம் தெரியும்” என்றேன்.

இன்று அங்கே மூன்று மெழுகுவர்த்திகள் எரிகின்றன. கிழிக்கக் கை வரவில்லை.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அச்சகத்தின் பெயருக்கே அனுப்புங்கள், அம்மா. என் பெயருக்கு வருவதை இனி இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பஸ் கிளம்புகிறது, டிரைவரிடம் இதைக் கொடுக்க ஓடுகிறேன்.

உங்கள்
கமென்