ஜாமீனுக்கு ஒரு துண்டு நிலம்

1998 மார்ச் 10, செவ்வாய்

என் சம்சாரம் லூர்து ஜெயிலுக்குள் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். அவளும் பித்தளைக் குடமும் ஒரே ஜீப்பில் போனார்கள். குழாயடியில் வரிசையைத் தாண்டினாள் என்று எதிர்வீட்டுத் தமயந்தியின் மண்டையில் ஒரே போடு. ஏழு தையல். பிளாஸ்டிக் குடமாக இருந்திருந்தால் ஸ்டேஷனிலேயே பேசி முடித்திருக்கலாமாம், வக்கீல் ஆராவமுதன் சொல்கிறார். இருபது வருஷம் முன்னால் பித்தளைதான் வேண்டும் என்று சீர் கேட்டு வாங்கியது எங்கள் அம்மா. யாரை நோவது?

பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வேலை எனக்கு, வார லீவு செவ்வாய். போன செவ்வாய் வக்கீலைத் தேடி அலைந்ததில் போய்விட்டது, அதனால் இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கப் போனேன். அடுத்த முறை அசடு வழியாமல் இருக்க எழுதி வைத்துக்கொள்கிறேன். சேலை போகும், ஊக்கு போகாது. சோப்பு போகும், ஆனால் இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். வாழைப்பழம் போகும். நான் வைத்த மீன்குழம்பு போகவில்லை. வாசல் காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். விதியா, வாசனையா, தெரியவில்லை.

மார்ச் 12

ரசத்துக்கு எலுமிச்சை அளவு புளி என்கிறார்கள். எந்த எலுமிச்சை? பிரபா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஸ்கூல்ல பன்னு வாங்கிக்கிறேம்பா" என்று போய்விட்டாள். பத்தாவது பரீட்சை வேறு வருகிறது அவளுக்கு.

மார்ச் 17, செவ்வாய்

இந்தத் தடவை லிஸ்ட் எழுதிக்கொண்டு போனேன். பதினோரு கேள்வி. நேரம் பதினைந்து நிமிஷம். நடுவில் இரண்டு கம்பிவலை, அவற்றுக்கு இடையே கை எட்டாத இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம்.

"சிலிண்டர் புக்கு எங்க வச்ச?"

"பைபிள்ல!"

"பைபிள் எங்க?"

லூர்து தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர் தன் சம்சாரத்தோடு பேசுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். ரேஷன் கார்டு, உப்பு, பிரபாவின் நீல ரிப்பன், தையல் விட்ட தலையணை உறை என்று ஒன்பதாவது கேள்வி வரை வந்தேன். மணி அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். பிரபா கேட்டாள்: "அம்மா எப்படி இருக்குதுன்னு கேட்டியாப்பா?"

கேட்கவில்லை. லிஸ்டில் அது இல்லை. ச்சே, இன்னா மனுஷன் நானு!

மார்ச் 24, செவ்வாய்

முதல் கேள்வியே அதுதான். "எப்படி இருக்க?"

"இருக்கேங்க. தண்ணித் தொட்டிகிட்ட சண்டை வராம லைன் பாத்துக்கற வேலைய எனக்குக் குடுத்திருக்காங்க."

அந்த வேலையைக் கொடுத்த புண்ணியவதி கேஸ் கட்டைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 27

தமயந்திக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. பிரபா குடத்தோடு போனால் வாயைத் திறக்காமல் இடம் விடுகிறாளாம். ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ச் சமாதானம் பேசட்டுமா என்று வக்கீலைக் கேட்டேன். பதறிப்போனார். "சாட்சியைக் கலைக்கிறீங்கன்னு இன்னொரு கேஸ் ஆயிடும், ஆம்ப்ரோஸ். நீங்களும் உள்ளே போயிட்டா பொண்ணுக்கு யார் சமைக்கிறது?" என் சமையலை அவர் சாப்பிட்டதில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

மேல் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்துவிட்டது! மைசூர்பாகு கால் கிலோ வாங்கினேன். பிரபா கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதே நாள், சாயங்காலம்

அவசரப்பட்டுவிட்டேன். ஜாமீன் கிடைத்தால் மட்டும் கதவு திறக்காதாம். நிலமோ வீடோ சொந்தமாக உள்ள ஒருவர் கோர்ட்டுக்கு வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேரில் பஹணி, அதாவது நிலத்துக் காகிதம், இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் உள்ளேயேதான்.

யார் இருக்கிறார்கள் எங்களுக்கு?

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு

கோலார் தங்கவயலுக்கு ரயிலேறிப் போனேன். அண்ணன் மைக்கேல்ராஜ் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நமக்கேதுடா பஹணி? வீடு கம்பெனிது. கக்கூஸும் கம்பெனிது."

தாத்தா, அப்பா, அண்ணன் என்று மூன்று தலைமுறை பூமிக்குள் இறங்கித் தோண்டினார்கள். மேலே எங்கள் பேரில் ஒரு முழம் மண் இல்லை. கல்லறையில் அப்பா படுத்திருக்கிற ஆறடி ஒன்றுதான் எங்கள் பாத்தியதை. அதற்கும் காகிதம் இல்லை. திரும்பும் ரயிலில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினார். நல்ல மனுஷர்.

ஏப்ரல் 9

லேத்தில் என்னோடு நிற்பவர்கள் எல்லோரும் வாடகை வீட்டுக்காரர்கள். எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார்: "வாடகை பாக்கி வேணும்னா வை, கையெழுத்து மட்டும் கேக்காத."

ஏப்ரல் 12, ஈஸ்டர்

பூசைக்குப் போனோம். பிரியாணி செய்ய மனசில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பதினெட்டு நாளாக அலைந்தும் எனக்கு அகப்படாத ஆளை லூர்து உள்ளே இருந்தபடியே பிடித்துவிட்டாள். "வெளிய வரிசையில பச்சைத் துண்டு போட்டுக்கினு பைலப்பான்னு ஒருத்தரு நிப்பாரு. அவரு பொண்ணு ஜயம்மாவும் நானும் ஒரே பாய்ல படுக்கிறோம். போய்ப் பேசுங்க."

மாகடி பக்கம் இரண்டு ஏக்கர் ராகி நிலம் அவருக்கு, அவர் பேரிலேயே. ஜயம்மா மேல் கொலை கேஸ். மூன்று தடவை ஜாமீன் கேட்டும் கிடைக்கவில்லை. எங்களுக்கு ஜாமீன் இருக்கிறது, நிலம் இல்லை. அவருக்கு நிலம் இருக்கிறது, ஜாமீன் இல்லை. டீக்கடையில் என் அரைகுறைக் கன்னடத்தில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, எந்தக் கோர்ட், எத்தனை மணி என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 29, புதன்

காலை ஆறு மணி பஸ்ஸிலேயே வந்துவிட்டார், துவைத்த வேட்டியோடு. நீதிபதி கன்னடத்தில் கேட்டார், இந்தப் பெண்ணை எப்படித் தெரியும் என்று. ஏதாவது உறவு சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"என் மகளோடு இருக்கிறாள், சுவாமி."

"எங்கே?"

"ஜெயிலில்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அவள் ஓடிப்போனால் உன் நிலத்துக்கு ஆபத்து, தெரியுமா என்றார்.

"ரெண்டு மாசமா என் மகளுக்குத் தலை வாரிவிடுகிறாள், சுவாமி. ஓடமாட்டாள்."

நீதிபதி பஹணியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 30

வந்துவிட்டாள். வந்ததும் அடுப்படியைப் பார்த்துவிட்டு, "யேசுவே" என்றாள்.

மே 25

பிரபா பாஸ். கணக்கில் முப்பத்தெட்டு. லூர்துவின் கேஸ் வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. தமயந்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள். நிற்கட்டும்.

ஜூன் 16, செவ்வாய்

மாகடியில் நல்ல மழையாம். விதைப்பு முடியும் வரை ஜயம்மாவைப் பார்க்க வர முடியாது என்று பைலப்பா யாரையோ வைத்து கார்டு எழுதிப் போட்டிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை, எதுவும் கேட்கவுமில்லை.

லூர்து ஆறு மணிக்கே குளித்துவிட்டுப் பையில் பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. "வெளிய வந்து ரெண்டு மாசம்கூட ஆவல. அந்த வாசலுக்கே மறுபடியும் போவணுமா? மத்தியானமா நான் போய்ப் பாத்துட்டு வரேன், உடு."

பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "செவ்வாக்கிழமைன்னா நான் விடியறதுக்கு முன்னாடியே தலைவாரி உக்காந்துடுவேன். நீங்க வர்ற வரைக்கும் ஒவ்வொரு பேரா கூப்புடுவாங்க. என் பேரு வராது. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. இத்தனை நாளில் இதை அவள் சொன்னதில்லை. காலையில் துணி துவைத்து, பேப்பர் பார்த்து, பதினொரு மணிக்கு மேல்தான் போய்ச் சேருவேன் நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். எட்டு மணிக்கு வரிசையில் நாங்கள்தான் முதல்.