ஊதா நிற டிராபீசியஸ்

இன்று ஆனி மாதம் பன்னிரண்டு, வியாழக்கிழமை. எனக்கு எழுபத்தேழு வயது, மூன்று மாதம், ஐந்து நாள். வயதைத் தோராயமாகச் சொல்லும் கிழவிகளை எனக்குப் பிடிக்காது. அவர்கள் எதையோ மறைக்கிறார்கள், அல்லது பரிதாபம் தேடுகிறார்கள்.

காலையில் விழுப்புரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போயிருந்தேன். சில வாரங்களாக வலது கையை உயர்த்தித் தலை வார முடியவில்லை. அங்கிருந்த பெண் என் பிடரியிலிருந்து தோள்முனை வரை ஊதா நிறத்தில் ஒரு பட்டையை ஒட்டினாள். "இது டிராபீசியஸ்னு ஒரு மசில் மேடம். பேருதான் பெருசு, பயந்துக்காதீங்க" என்றாள். மருத்துவக் கல்லூரியில் முடி நரைக்கும்வரை உடற்கூற்றியல் கற்பித்த நான், பயந்துகொள்ளாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு அவள் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். சுருங்கிய தோல்மேல் அந்த ஊதாவைப் பார்த்ததும் உரக்கச் சிரித்துவிட்டேன். "வலிக்குதா மேடம்?" என்று பதறினாள்.

இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? உன் கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை.

முதல் எம்.பி.பி.எஸ். தேர்வுக்கான படிப்பு விடுமுறையில், என்னோடு சேர்ந்து படிக்க நீ பெட்டியும் புத்தகங்களுமாகத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாய். அதே வாரம் வானூரிலிருந்து ஒரு ரைஸ்மில் குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனின் தாயார் தரகரிடம் தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார்: பிணம் அறுக்கும் படிப்பு தம் வீட்டு மருமகளுக்கு வேண்டாம். அப்பா தலையாட்டிவிட்டார். அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டால் தேர்வும் இல்லை, கல்லூரியும் இல்லை.

"வர்றவங்க ஞாயித்துக்கெழம வரட்டும். நாம அதுக்குள்ள முதுக முடிச்சிடலாம்" என்றாய் நீ.

முதுகில் உள்ள சிக்கல், அதை உடையவளால் பார்க்க முடியாது என்பதே. புத்தகத்துப் படம் உனக்கு மனத்தில் ஏறவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வாய்ப்புண்ணுக்குத் தடவ வாங்கி வைத்திருந்த ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தை எடுத்தாய். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றினாய். "திரும்பி உக்காருடி. உன் முதுகுலயே வரைஞ்சிடறேன்."

பிடரி மேட்டில் தொடங்கி, இரு தோள்முனைகளுக்கும் விரிந்து, முதுகின் நடுவில் கூராக இறங்கி முடியும் டிராபீசியஸ். இடுப்பிலிருந்து கிளம்பி, அக்குளைச் சுற்றிக்கொண்டு மேற்கை எலும்பில் போய் ஒட்டும் லாட்டிசிமஸ். டிராபீசியஸுக்கு அடியில் மறைந்து கிடந்து, தோள்பட்டைகளை முதுகெலும்பை நோக்கி இழுக்கும் ராம்பாய்டுகளை மட்டும் புள்ளிக்கோட்டால் போட்டாய். "நெளிஞ்சிக்கினே இருக்காதடி, லாட்டிசிமஸ் கோணிக்கும்!"

அன்று எனக்குப் பிடித்த உற்சாகம் இன்னும் விடவில்லை. முதுகின் மேற்பரப்பில் இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தசைகள் தோளுக்கும் கைக்கும்தான் ஊழியம் செய்கின்றன என்பது எவ்வளவு அருமையான செய்தி! டிராபீசியஸின் நரம்போ அதைவிட விசித்திரம். கழுத்தில் பிறந்து, மண்டையோட்டுக்குள் ஏறி, வேறொரு துளை வழியாக மறுபடியும் கழுத்துக்கே இறங்கி வருகிறது. "இன்னாடி இது, திண்டிவனத்துலேருந்து விழுப்புரம் போறதுக்கு மெட்ராஸ் போய்ட்டு வர்றாப்புல!" என்றாய். அந்த வாக்கியத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொன்னேன், என்னுடையது போலவே. மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சிரித்தார்கள்.

மருத்துவம் படிக்கும் இருவருக்கும் ஒன்று மட்டும் தோன்றவில்லை. ஜென்ஷன் வயலட் ஒரு சாயம்.

"அடிப்பாவிங்களா, இன்னாடி பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய், சீயக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் நடந்தது. தோல் சிவந்ததில் உன் கோடுகள் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. மறுநாள் அம்மா எனக்கு முந்தானையை இரு தோளுக்கும் போர்த்திவிட்டு, "கும்புட்டுட்டு அப்டியே பின்னாலயே நடந்து உள்ள வந்துடு. திரும்பித் தொலைக்காத" என்று எச்சரித்தார்.

காபி கொடுத்தேன். பையனின் தாயார் காலில் விழுந்தேன். முந்தானை நழுவியது.

"அய்ய, இன்னாம்மா இது? தேமலா? ஒட்டுவாரொட்டியா?"

கதவோரம் நின்றிருந்த நீ, கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற பரீட்சை ஜுரத்தில், "இல்லீங்கம்மா, டிராபீசியஸ்ங்க. எல்லாருக்கும் இருக்கும்" என்றாய்.

"எங்க வூட்ல யாருக்கும் கெடயாது!" என்று அந்த அம்மாள் எழுந்தேவிட்டார்.

ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னவர்கள் போடவில்லை. அப்பா ஒரு வாரம் தபால்காரரை எதிர்பார்த்தார். பிறகு "போய்ப் படிச்சித் தொல" என்றார். நான் தேர்வு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் முதுகைக் கேட்டார்கள். கேட்டவர் போதும் என்று கையமர்த்தும்வரை சொன்னேன். அதன்பின் எந்த ரைஸ்மில்லும் வரவில்லை, நானும் யாரையும் தேடவில்லை.

நீதான் அழுதாய். உன் தீக்குச்சியால் என் வாழ்க்கை கெட்டது என்று கடைசிவரை நம்பினாய். ஆண்டு தவறாமல் கெடாரில் உங்கள் நிலத்து மல்லாட்டையை, ஓடு உரிக்காத கடலையாகவே, மூட்டையாக அனுப்பினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், "என்னாலதானடி நீ ஒண்டியா நிக்கிற" என்றாய். "வாய மூடிக்கினு தூங்கு" என்றேன்.

உனக்கு ரகசியம் தங்காது. சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் திண்டிவனத்தில் அம்மா காதுக்குப் போயிருக்கும். அம்மா போன பிறகு சொல்லியிருக்கலாம். மல்லாட்டை நன்றாக இருந்தது.

இப்போது கேள். அம்மா என் முந்தானையை ரவிக்கையோடு சேர்த்து ஊக்குகளால் இறுக்கியிருந்தார். காபித் தட்டை எடுக்குமுன் அவற்றை நானே கழற்றி அடுப்புச் சாம்பலுக்குள் போட்டேன். அப்படியும் அந்த அம்மாள் காலில் விழுந்தபோது முந்தானை தோளைவிட்டு அசைய மறுத்தது. ஆகவே இரண்டு தோள்பட்டைகளையும் முதுகெலும்பை நோக்கி ஒரே வெட்டாக இழுத்தேன். புத்தகத்தில் போட்டிருந்தபடியே ராம்பாய்டுகள் வேலை செய்தன.